இடுப்பில் இரண்டு முடிச்சு

எனக்கு எறும்பென்றால் பயம். அருவருப்பு இல்லை, பயம். கரப்பான் பூச்சியைச் செருப்பால் ஒரே அடியில் தீர்த்துவிட்டுத் தேநீர் கலக்கப் போய்விடுவேன். எலிப்பொறியைத் தொட யாரும் முன்வராவிட்டால் நான்தான் தூக்கிக்கொண்டு கீழே போவேன். எறும்பைக் கண்டால் மட்டும் நாற்காலிமேல் ஏறி நின்றுவிடுவேன். ஆனை இல்லை, புலி இல்லை, ஓர் எறும்பு! சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். செத்துப் பிழைத்தவளுக்குத்தான் தெரியும்.

சுங்கை பாக்காப்பில் என் அண்ணன் வீடு இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அங்கே போயிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் பட்டுப்போன கொய்யா மரம் ஒன்று. அதில்தான் துணிக்கொடி கட்டியிருந்தார்கள். காய்ந்த துணியை எடுக்கப் போனேன், மணிக்கட்டுக்கு மேலே சுரீரென்றது. பார்த்தால் ஓர் எறும்பு. ஒல்லியாக, நீளமாக, தலை கறுப்பு, நடு உடம்பு செம்மண் நிறம், பின்பக்கம் கறுப்பு. "சனியனே" என்று தட்டிவிட்டுத் துணியை மடிக்கத் தொடங்கினேன். பாதி மடிப்பதற்குள் உள்ளங்கை அரித்தது. பிறகு உச்சந்தலை. பிறகு உதடு தடித்து, நாக்கு வாய்க்குள் அடங்காமல் போனது. அண்ணனைக் கூப்பிடுகிறேன், சத்தம் வரவில்லை. அந்த நிமிடத்தை இப்போது நினைத்தாலும் தொண்டையைக் கை தடவிப் பார்த்துக்கொள்ளும். காடியின் பின் இருக்கையில் என்னைக் கிடத்தி அண்ணன் எப்படி ஓட்டினாரோ தெரியாது. ஊசி போட்டார்கள், பிழைத்தேன்.

"அடுத்த தடவை இதைவிட வேகமா வரலாம். அந்த எறும்பு இருக்குற பக்கமே போகாதீங்க" என்றார் டாக்டர். என்னவோ அது விலாசம் எழுதி ஒட்டிக்கொண்டு திரிகிற மாதிரி!

அன்றிலிருந்து எறும்புச் சாக்கட்டி இல்லாமல் நான் இருந்ததில்லை. இரவுச் சந்தையில் ரெண்டு வெள்ளிக்குக் கிடைக்கும், பார்க்கப் பள்ளிக்கூடச் சாக்கட்டி மாதிரியே இருக்கும். கோடு கிழித்துவிட்டால் அதைத் தாண்டும் எறும்பு தள்ளாடித் தள்ளாடி, மல்லாந்து, காலை உதறிச் சாகும். வாசல் நிலை, ஜன்னல் கட்டை, சமையல் மேடை, குப்பை வாளியைச் சுற்றி என்று வாராவாரம் கிழிப்பேன். "வீட்டுக்குள்ள நடக்கவே பயமா இருக்கு, எங்க கோடு எங்க கோடுன்னு பாத்துப் பாத்துக் கால் வைக்க வேண்டியிருக்கு" என்று என் கணவர் கிண்டல் செய்வார். கிண்டல் செய்துகொண்டிருந்த காலம் அது.

அவர் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்தவர். நானும் அதே வட்டாரத்தில் வேறொரு தொழிற்சாலையில், விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்குக் கீழே சர்க்யூட் பலகைகளைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலை. ஒருநாள் அவருடைய பிரிவையே வெளிநாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கையில் காசைக் கொடுத்து அனுப்பினார்கள். முதலில் "கொஞ்ச நாள் ஓய்வெடுக்குறேன்" என்றார். பிறகு வேலை தேடினார். வயதைப் பார்த்தே அனுப்பிவிட்டார்கள். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்துவிட்டார் என்றால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீடு ஜெலுத்தோங்கில், அடுக்குமாடியின் பதினான்காவது மாடியில். வாசலுக்கு வெளியே நீளமான நடைவழி, அதற்கு இடுப்பளவு சுவர். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை இருப்பார். பேச்சு இல்லை. சவரம் இல்லை. சோற்றைப் போட்டால் பாதி மிச்சம். சில நேரம் எழுந்து, சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக் கீழே பார்த்துக்கொண்டு நிற்பார். கீழே என்ன இருக்கிறது? காடிகள் நிறுத்துமிடம். எல்லோரும்தான் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர்கூடத் துணி காயப்போட்டுவிட்டுப் பார்க்கிறார். ஆனால் இவர் பார்க்கும்போது மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே கூப்பிடுவேன்.

ஏன் கூப்பிடுகிறேன் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து கேட்கத்தான் தெரியவில்லை. கேட்டுவிட்டால், அவர் மனதில் இல்லாத ஒன்றை நானே எடுத்துக் கையில் கொடுத்தமாதிரி ஆகிவிடுமோ? பிள்ளைகள் இரண்டும் கோலாலம்பூரில். அவர்களிடம் சொன்னால் அலறியடித்து வருவார்கள், அவமானத்தில் இவர் இன்னும் சுருங்கிப்போவார். அதனால் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது ஏதாவது ஒரு வேலை ஏவிவிட்டுப் போவேன். "ஏங்க, பால் தீந்துருச்சு." "ஏங்க, தண்ணிக் குழாய் சொட்டுது, பாருங்க." மனிதனுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தால் அதை முடிக்கும்வரையாவது இருப்பான் என்று என் கணக்கு. தேநீர் இடைவேளையில் போன் அடிப்பேன். எடுக்க நேரமானால், பூதக்கண்ணாடிக்குத் திரும்பியபின் பலகை எதுவும் கண்ணில் தெரியாது. பறக்கும் பூச்சியைப் பார்த்தாலும் விழுகிற எதையோ பார்த்தமாதிரி இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மழை வந்தது. பகலெல்லாம் புழுங்கி, சாயங்காலம் கொட்டித் தீர்த்து, சட்டென்று நின்றது. நடைவழி விளக்குகளை மொய்த்துக்கொண்டு சிறகுப் பூச்சிகள். நான் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"இங்க வா! சீக்கிரம் வாயேன்!"

அவர் குரல். அவ்வளவு சத்தமாக அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். நாற்காலி காலியாக இருந்தது. அந்த ஒரு நொடி என் உயிர் என்னிடம் இல்லை. அவர் நடைவழிக் கோடியில், விளக்குக்குக் கீழே குந்தி உட்கார்ந்திருந்தார். கையில் என் மாத்திரைப் புட்டி. புட்டிக்குள் ஒரு பெரிய எறும்பு.

"ஐயோ! தூக்கிப் போடுங்க!"

"இது ராணி லா. இப்பதான் சிறகை உதிர்த்துச்சு, நான் கண்ணால பாத்தேன். ஒண்ணொண்ணா, சட்டையக் கழட்டுற மாதிரி."

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நேரில் அன்றுதான் பார்த்தேன். திட்ட வாய் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருந்தன. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது நாற்காலியில் ஆள் இல்லை. பதறிப்போய் உள்ளே பார்த்தால், மேசைமேல் பஞ்சும் கண்ணாடிக் குழாயும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முகம் மழித்திருந்தது. குழாயின் அடியில் தண்ணீர், அதைத் தடுத்து ஒரு பஞ்சு, நடுவில் ராணிக்கு இடம், வாயில் இன்னொரு பஞ்சு. உலகம் முழுக்க இப்படி ராணி எறும்பு பிடித்து வளர்க்கிற ஆட்கள் இருக்கிறார்களாம். இணையத்தில் குழு வைத்துப் பேசிக்கொள்கிறார்களாம். பைத்தியங்களுக்கும் சங்கம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"இனிமே இது ஒண்ணும் சாப்பிடாது. பறக்குறதுக்கு வச்சிருந்த சதையெல்லாம் கரைச்சு, அதுலயே முட்டை போட்டு, புழுவுக்கு ஊட்டி, மொதல் வேலைக்கார எறும்பு வர்ற வரைக்கும் தனியாவே சமாளிக்கும்" என்றார்.

'அதுவாவது சமாளிக்குதே' என்று நாக்கு நுனிவரை வந்தது. மாதா புண்ணியத்தில் விழுங்கிவிட்டேன்.

குனிந்து பார்த்தது அப்போதுதான். தலை கறுப்பு. நடு உடம்பு செம்மண் நிறம். பின்பக்கம் கறுப்பு.

மேசையிலிருந்து இரண்டடி பின்னால் போனேன். "ஏங்க, இது அதுதாங்க. என்னைக் கொட்டுனது."

"நானும் மொதல்ல அதைத்தான் நெனைச்சேன். குழுவுல கேட்டுட்டேன். இதே நிறத்துல மரத்தைக் குடையுற பெரிய எறும்பு ஒண்ணு இருக்காம். அது கடிக்கும், கொட்டாது. இடுப்பைப் பாத்தா தெரிஞ்சிரும். கொட்டுற எறும்புக்கு இடுப்புல ரெண்டு முடிச்சு இருக்கும். இதுக்கு ஒரு முடிச்சுதான்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒண்ணுதான்."

போனில் எடுத்த படத்தைக் காட்டினார். கலங்கலாக இருந்தது. இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் காலின் நிழல் விழுந்திருந்தது. "எனக்குக் காட்டுங்க, என் கண்ணால பாக்குறேன்" என்றேன். இனி முடியாதாம். வெளிச்சம் பட்டால், குழாய் அசைந்தால், ராணி மிரண்டுபோய்ச் சொந்த முட்டையையே தின்றுவிடுமாம். குழாயைச் சிவப்புத் தாளில் சுற்றி, அலமாரியில் தன் பழைய வேலைச் சட்டைகளுக்கு அடியில் இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்.

நாள் முழுக்க ஒரு மயிரிழை விரிசலைக்கூட விடாமல் பார்த்துக் கழித்துக்கட்டுகிறவள் நான். என் உயிர் விஷயத்தில் பார்க்காமலே பாஸ் போட்டேன். ஏனென்றால் அன்று இரவு அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டார்.

பிறகு வந்த வாரங்களை நல்ல வாரங்கள் என்று சொல்வதா, கெட்ட வாரங்கள் என்று சொல்வதா தெரியவில்லை. அவர் காலையில் எழுந்தார். கடைக்குப் போனார். நான் வருவதற்குள் மீன் குழம்பு வைத்தார். ஒருநாள் பஞ்சு வாங்கப் போனவர் மட்டும் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். இழுப்பறையை ஒரு விரல் அளவுக்குத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வருவார். "என்னைப் பாத்து மொறைக்குது" என்பார். "கட்டுன பொண்டாட்டி மொறைச்சா மட்டும் சிரிப்பு வராது" என்பேன். அதற்கும் சிரிப்பார். முட்டை வந்தது என்றார். முட்டை புழுவானது என்றார். ஒவ்வொரு செய்திக்கும் நான் "அப்படியா, நல்லது" என்றேன். கட்டிலில் படுத்தால் அந்த இழுப்பறை என் தலைமாட்டுக்கு நேரே இருந்தது. புழு எறும்பாகும். ஒன்று பத்தாகும். குழாய் வாயில் இருப்பதோ வெறும் பஞ்சு. படுக்கையில் கால் பக்கம் போர்வை நூல் உரசினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஒவ்வாமை மாத்திரையைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

எடுத்து எறி என்று சொல்லலாம்தான். சொன்னால் மறுபேச்சில்லாமல் எறிந்துவிடுவார். எறிந்துவிட்டு எங்கே போய் உட்காருவார்? இருதலைக் கொள்ளி எறும்பு என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்! கொள்ளிக்கட்டை இரண்டு பக்கமும் எரிகிறது, எறும்பு நடுவில் ஓடுகிறது. இங்கே எறும்பு சுகமாக இழுப்பறையில் இருந்தது, நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஒரு விடுமுறை நாள். "கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போயிட்டு வர்றேன், நாசி கண்டார் வாங்கிட்டு வர்றேன், நீ சமைக்காத" என்றார். அந்தச் சோற்றுக்கடையில் எப்போதும் வரிசை நீளம். திரும்பிவர நேரமாகும். அவர் போனதும் வழக்கம்போலச் சாக்கட்டியை எடுத்து வாசலிலிருந்து கிழித்துக்கொண்டே வந்தேன். படுக்கையறை நிலை, கட்டில் கால் நான்கு. அலமாரிக்கு முன்னால் வந்ததும் கை நின்றது. இங்கே கிழிக்கக்கூடாது, அவருடைய ராணி இருக்கிறது.

குனிந்தபடி அப்படியே நின்றேன். வீட்டில் யாருமில்லை. இப்போது பார்க்காவிட்டால் எப்போது? புழுக்கள் எறும்பான பிறகா?

இழுப்பறையைத் திறந்து, சட்டைகளை ஒதுக்கி, குழாயை எடுத்தேன். வேலைக்கு வாங்கி வைத்திருந்த சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து, போன் விளக்கைப் போட்டேன். முழங்கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டேன். வெள்ளைப் புழுக்கள் அரிசிக் குருணைபோலக் குவிந்திருக்க, அதன்மேல் நின்றுகொண்டிருந்தது. கால் மறைத்தது. காத்திருந்தேன். வெளிச்சம் பிடிக்காமல் பக்கவாட்டில் திரும்பியது. கால் விலகியது.

இரண்டு முடிச்சு. நூலில் கோத்த இரண்டு கடுகு மாதிரி, பின்னுக்கு ஒன்று, முன்னுக்கு ஒன்று. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

குழாய் வாயைப் பார்த்தேன், பஞ்சைக் கடித்துக் கடித்து ராணி ஓரத்தில் லேசாக இடைவெளி பண்ணி வைத்திருந்தது. ஐயோ மாதாவே என்று அந்தப் பஞ்சை இரண்டு விரலால் திருகி, அமுக்கி, உள்ளே தள்ளினேன். போதவில்லை என்று மறுபடியும் திருகி அமுக்கினேன். சட்டைகளுக்கு அடியில் வைத்து, இழுப்பறையைச் சாத்திவிட்டு, சமையலறையில் போய் உட்கார்ந்தேன்.

என்ன சொல்வது? சொல்வதா, வேண்டாமா? 'ரெண்டுங்க' என்று ஒரு வார்த்தை. சொன்னால் என் பயம் தீரும். அவரைப் பற்றிய பயம் மறுபடி பிறக்கும். சொல்லாவிட்டால் இரண்டும் வீட்டிலேயே இருக்கும். உட்காரவும் முடியாமல் திரும்பப் போய் இழுப்பறையைத் திறந்தேன். தப்பாகப் பார்த்திருப்பேனோ என்று ஒரு நப்பாசை.

ராணி மல்லாந்து கிடந்தது. எழுந்தது. பக்கவாட்டில் சாய்ந்தது. கால்கள் தனித்தனியாக நடுங்கின. அந்த நடுக்கம் எனக்கு அத்துப்படி. என் வீட்டு நிலைப்படியெங்கும் வாராவாரம் பார்க்கிற நடுக்கம். மெதுவாக என் விரல்களைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தன.

"அப்பாடா" என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ராணிகள் காரணமே இல்லாமல் செத்துப்போவது உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். சாகட்டும். தொலையட்டும்.

பிறகு, அவர் வந்து இழுப்பறையை ஒரு விரல் அளவுக்குத் திறப்பது கண்முன் வந்தது. சிரித்துக்கொண்டே திறப்பார். திறந்து, பார்த்து, மூடிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே போவார்.

ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஒரு மாத்திரையை விழுங்கினேன். அவர் தண்ணீரும் பஞ்சும் அடைத்துத் தயாராக வைத்திருந்த இன்னொரு குழாயையும், அவருடைய சின்ன பெயிண்ட் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டேன். விஷம்பட்ட பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு குழாய்களின் வாயையும் சேர்த்துப் பிடித்துத் தட்டினேன். ராணி வரவில்லை. தள்ளாடிக்கொண்டே புழுக்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. எனக்கு அழுகை முட்டியது. "வாடி, வந்து தொலைடி, உன்னைக் கும்பிடுறேன்" என்றேன். எறும்பிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றுகூட உறைக்கவில்லை. பிரஷ்ஷை உள்ளே விட்டேன். அதைப் பிடித்துக்கொண்டது. வெளியே எடுத்தேன்.

இவ்வளவு விஷத்துக்குப் பிறகும் அதற்கு அப்படி ஒரு வேகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பிரஷ் காம்பில் ஓடி, என் விரலில் ஏறி, மணிக்கட்டைத் தாண்டி முன்னங்கையில் வந்து நின்றது. பழைய தழும்பிலிருந்து தள்ளித்தான். ஆறு காலும் தோலில் தெரிந்தன.

கத்தவில்லை. மூச்சே விடவில்லை. உதறினால் கொட்டும். தட்டிவிட்டால் எங்கே விழுமோ, மிதிபடுமோ, காணாமல் போகுமோ. அதைத் தட்டிவிடாமல் நின்றேனே, அது வீரம் இல்லை. எறும்பு கொட்டினால் நான் போவேன், எறும்பு போனால் அவர் போவார் என்கிற கணக்கில் தலை சுற்றிப்போய் நின்றேன். கண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது.

இரும்புக்கதவு கிறீச்சிட்டது. "வரிசை இன்னிக்கு அதிகமில்ல, சட்டுனு கெடைச்சிருச்சு" என்று பேசிக்கொண்டே வந்தார். படுக்கையறை வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"அடிக்காதீங்க!" என்றேன். "உங்க ராணிங்க, அடிக்காதீங்க!"

சோற்றுப் பொட்டலங்கள் கீழே விழுந்த சத்தம் கேட்டது. ஓர் எட்டுதான். என் கையைத் தன் இடக்கையில் பிடித்து, வலது உள்ளங்கையால் என் தோலிலிருந்து அதை ஒரே இழுப்பில் வழித்து, கைக்குள்ளேயே நசுக்கினார். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. கண்கூட இமைக்கவில்லை.

"கொட்டிருச்சா? எங்க கொட்டுச்சு? வாயைத் தொற. மூச்சு விடு, நல்லா விடு." என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, என் உதட்டையே பார்த்துக்கொண்டு முன்னால் மண்டியிட்டிருந்தார். காடிச் சாவியை விரலில் மாட்டியபடியே இருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று நான் பலமுறை சொன்னபிறகுதான் உள்ளங்கையை விரித்தார். நடுவில் சிவந்து தடித்திருந்தது. கொட்டு வாங்கியது அவர். நசுங்கிய ராணியைத் தாளில் எடுத்து வைத்து, என் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டு" என்றார்.

"தெரியும். இப்பதான் பாத்தேன்."

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. மறுபடியும் எடுத்துப் பாக்கல. பாக்கவே பயமா இருந்துச்சு."

எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "பயமா? உங்களுக்கா? நான் எத்தனை மாசமா உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு இருக்கேன் தெரியுமா? இந்தச் சனியனை நான் ஏன் வீட்டுல வச்சுக்கிட்டுக் கெடந்தேன்? நீங்க எந்திரிச்சு நடக்குறீங்களேன்னுதான்! இப்ப அதுவும் போச்சு. என் கைச் சாக்கட்டி பட்டு அரை உயிரா இருந்ததை எப்படியாவது காப்பாத்திரலாம்னு பாத்தேன், நீங்களே நசுக்கிட்டீங்க! இனிமே என்ன பண்ணப்போறீங்க? திரும்பப் போய் அங்க நிக்கப்போறீங்களா? அந்தச் சுவத்தைப் புடிச்சுக்கிட்டுக் கீழ என்னத்தைத்தாங்க பாக்குறீங்க?"

கேட்டுவிட்டேன். இவ்வளவு நாள் வாய்க்குள் பூட்டி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன்.

அவர் தாளை மடித்தார். மடித்ததையே இன்னும் சிறிதாக மடித்தார்.

"நீ நெனைக்கிறதைத்தான்" என்றார்.

அதுவரை அது என் மனம் கட்டிய பயம். ஒருவேளை பொய்யாக இருக்கலாம் என்று ஓர் ஓரத்தில் ஒதுங்க இடம் இருந்தது. அந்த இடமும் போயிற்று. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"பஞ்சு வாங்கிட்டு வர்றேன்னு ஒருநாள் நேரமாச்சே, அன்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். இந்த மாதிரி ஆளுங்ககிட்டப் பேச டாக்டர் இருக்காங்கன்னு போன்ல பாத்தேன். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

"ஏங்க?"

"உள்ள போனா என்னான்னு கேப்பாங்க. சொல்லணும். சொன்னா உனக்குத் தெரிஞ்சிரும். நீ எறும்புக்கே அப்படிப் பயப்படுறவ."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் வந்தது. அவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "நீ கூட வர்றியா? தனியா போனா இந்தத் தடவையும் திரும்பிருவேன்."

"இப்பவே போவோம்."

"சோறு வாங்கியாந்திருக்கேன்..."

"கெடக்கட்டும். எந்திரிங்க."

குழம்பு கொட்டிய தரையைத் துடைக்கக்கூட இல்லை. கைப்பையை எடுத்தேன், அவருக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தேன். நடைவழியில் அவர் முழங்கையைப் பிடித்தவள் லிஃப்ட் வந்த பிறகும் விடவில்லை. கதவு மூடியது. இறங்கத் தொடங்கியது.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன்.

"எனக்கும்" என்றார்.